அபே திருத்தாத அரசியல் சட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே பற்றி அண்மையில் தங்கள் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரை, அரசியல் சட்டத்தைத் திருத்தி ஜப்பானுக்கு மறுபடி ராணுவம் அமைத்துக் கொடுத்தவர் அவர் என்று சொல்கிறது. இரண்டுமே சரியல்ல. ஜப்பானின் தற்காப்புப் படை 1954 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கப்பட்டது. அபே பிறந்ததே அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, அதே ஆண்டு செப்டம்பர் 21-இல்தான். அரசியல் சட்டமோ 1947 மே 3-இல் நடைமுறைக்கு வந்தபோது எப்படி இருந்ததோ, அப்படியேதான் அவர் 2020-இல் பதவியை விட்டு இறங்கியபோதும் இருந்தது. 103 பிரிவுகளில் ஓர் எழுத்து மாறவில்லை.

இதைச் சிறு பிழை என்று தள்ளிவிட மனம் வரவில்லை. இரண்டு முறையும் சேர்த்து 3,188 நாள் பிரதமராக இருந்தவர் அபே. ஜப்பானில் வேறு யாரும் அத்தனை நாள் இருந்ததில்லை. அதில் மூன்றாண்டுகள், திருத்தத்துக்கு ஆதரவான கட்சிகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு பலம் இருந்தது. வாழ்நாள் லட்சியம் என்று அவரே சொல்லிக்கொண்ட காரியம் அப்போதும் கைகூடவில்லை. ஏன் கைகூடவில்லை, கைகூடாதபோது அதைச் சுற்றிக்கொண்டு எப்படிப் போனார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவரைத் தேசியவாதி என்று பாராட்டினாலும் திட்டினாலும் நமக்கு ஒன்றும் விளங்காது.

முதலில், திருத்தத்துக்குப் போடப்பட்டிருக்கும் பூட்டு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். நம் நாட்டில் 368-ஆவது பிரிவின்படி, அவைக்கு வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும், மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் இருந்தால் பெரும்பாலான திருத்தங்கள் நிறைவேறிவிடும். சிலவற்றுக்கு மட்டும் பாதி மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். மக்களிடம் போக வேண்டியதில்லை. நூற்றுக்கு மேற்பட்ட திருத்தங்கள் அப்படித்தான் வந்தன. ஜப்பானின் 96-ஆவது பிரிவு வேறு மாதிரி. வந்திருப்பவர்களில் இத்தனை பங்கு என்ற கணக்கே அங்கே இல்லை. இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அவைக்கு வராதவரும் எதிர்த்து வாக்களித்தவர் கணக்கிலேயே சேர்கிறார். அதைத் தாண்டிய பிறகு நாடு தழுவிய பொது வாக்கெடுப்பு. அதில் பாதிக்கு மேல் கிடைத்தால்தான் திருத்தம். 465 பேர் கொண்ட கீழவையில் 310 வேண்டும். 245 பேர் இருந்த 2019-ஆம் ஆண்டு மேலவையில் 164 வேண்டும். இந்த எண்கள் பின்னால் மறுபடி வரும்.

இந்தச் சட்டத்தின் மேல் ஜப்பானிய வலதுசாரிகளுக்கு என்ன கோபம்? 1946 பிப்ரவரியில், நாடு அமெரிக்கப் படைகளின் பிடியில் இருந்தபோது, அந்தப் படைகளின் தளபதி மெக்கார்தரின் தலைமையகத்தில் இருந்த அதிகாரிகள் ஒரு வாரத்துக்குச் சற்று மேலான காலத்தில் ஆங்கிலத்தில் எழுதிய வரைவுதான் இதற்கு அடிப்படை. பிப்ரவரி 13-ஆம் தேதி அதை ஜப்பானிய அமைச்சர்கள் கையில் கொடுத்தார்கள். தோற்றவன் தலையில் கட்டப்பட்ட சட்டம் என்ற மனக்குறை அன்று தொடங்கியது. அது பொய்யான குறை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாதிக் கதை அது. பெண்கள் முதன்முதலாக வாக்களித்து, 39 பெண்கள் உறுப்பினர்களாக வந்த 1946 ஏப்ரல் தேர்தலுக்குப் பிறகு, அந்த நாடாளுமன்றம்தான் வரைவை மாதக்கணக்கில் விவாதித்து நிறைவேற்றியது. ஒவ்வொரு குடிமகனுக்கும் குறைந்தபட்ச நல்வாழ்வுக்கு உரிமை உண்டு என்னும் 25-ஆவது பிரிவின் முதல் வாசகம் அமெரிக்க வரைவில் இல்லாதது. ஜப்பானிய சோஷலிஸ்ட் உறுப்பினர்கள் சேர்த்தது.

அபேயின் வேர் அவருடைய தாத்தாவிடம் இருக்கிறது. தாய்வழித் தாத்தா நொபுசுகே கிஷி. யமகுச்சியில் 1896-இல் சாத்தோ குடும்பத்தில் பிறந்து, தந்தையின் பிறந்த வீடான கிஷி குடும்பத்துக்குத் தத்துப் போனவர். 1936-இல் மஞ்சூரியாவில் ஜப்பான் நிறுவியிருந்த பொம்மை அரசுக்குப் போய் தொழில்துறையை நடத்தினார். 1941-இல் போர்க்காலப் பிரதமர் தோஜோவின் அமைச்சரவையில் வணிக, தொழில் அமைச்சர். அமெரிக்கா மீதான போர்ப் பிரகடனத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. தோற்ற பிறகு முதல்தரப் போர்க் குற்றச் சந்தேக நபராக சுகாமோ சிறையில் மூன்று ஆண்டுக்கு மேல் இருந்தார். 1948 டிசம்பர் 23-இல் தோஜோ உட்பட எழுவர் தூக்கிலிடப்பட்டார்கள். மறுநாள், 24-ஆம் தேதி, கிஷி விசாரணையே இல்லாமல் விடுதலை ஆனார். ஒன்பது ஆண்டு கூட ஆகவில்லை, 1957 பிப்ரவரியில் பிரதமர். அந்த ஆண்டு மே மாதம் அவர் இந்தியா வந்தார். ஜப்பானியப் பிரதமர் ஒருவர் இங்கே கால் வைத்தது அதுதான் முதல் முறை. மறு ஆண்டு ஜப்பான் யென் கடன் கொடுக்கத் தொடங்கியபோது முதல் கடன் இந்தியாவுக்குத்தான் கிடைத்தது.

கிஷியின் வீழ்ச்சியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பேரனின் பாதையை அதுதான் தீர்மானித்தது. 1951-ஆம் ஆண்டு அமெரிக்காவுடன் செய்த பாதுகாப்பு உடன்படிக்கை ஜப்பானுக்கு மிகவும் பாதகமானது. அமெரிக்கா தளம் வைத்துக்கொள்ளலாம். ஜப்பானைக் காக்கும் கடமை என்று தெளிவாக எதுவும் இல்லை. எப்போது முடியும் என்ற கெடுவும் இல்லை. உள்நாட்டுக் கலவரத்தை அடக்கக்கூட அமெரிக்கப் படையைப் பயன்படுத்தலாம். கிஷி 1960 ஜனவரி 19-இல் வாஷிங்டனில் கையெழுத்திட்ட புதிய உடன்படிக்கை இந்தக் குறைகளைச் சரிசெய்தது. ஐந்தாம் பிரிவு காக்கும் கடமையைச் சொன்னது. கலவரப் பிரிவு போயிற்று. பத்தாண்டுக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் ஓராண்டு முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம் என்றது பத்தாம் பிரிவு. வாசகத்தை வைத்துப் பார்த்தால் பழையதைவிட நல்ல ஒப்பந்தம்.

கெட்டது நிறைவேற்றிய விதத்தில். ஜூன் 19-ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஐசனோவர் வருவதாக ஏற்பாடு. உடன்படிக்கையைக் கீழவை ஏற்றுக்கொண்டு 30 நாளுக்குள் மேலவை முடிவெடுக்காவிட்டால் கீழவையின் முடிவே நாடாளுமன்றத்தின் முடிவாகிவிடும். ஆகவே மே 19 நள்ளிரவைச் சுற்றிக் காரியம் முடிந்தாக வேண்டும். சோஷலிஸ்ட் உறுப்பினர்கள் சபாநாயகரை நடமாட விடாமல் உட்கார்ந்து மறித்தார்கள். கிஷி தரப்பு போலீஸை அவைக்குள் வரவழைத்து அவர்களைத் தூக்கிப் போட்டது; சபாநாயகரை ஏறத்தாழச் சுமந்து கொண்டுபோய் மேடையில் ஏற்றினார்கள். நள்ளிரவுக்கு முன் கூட்டத்தொடர் நீட்டிப்பு, நள்ளிரவு தாண்டியதும் உடன்படிக்கை. எதிர்க்கட்சி இல்லாத அவையில் இரண்டும் நிறைவேறின. அதுவரை உடன்படிக்கை பற்றி அக்கறை இல்லாமல் இருந்தவர்கள்கூட, இது ஜனநாயகமா என்று கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 15-இல் நாடாளுமன்ற வளாகத்தில் நடந்த மோதலில் தோக்கியோ பல்கலைக்கழக மாணவி மிச்சிகோ கன்பா இறந்தார். ஐசனோவர் பயணம் ரத்தாயிற்று. ஜூன் 19-இல் உடன்படிக்கை தானாகவே ஏற்கப்பட்டதாயிற்று. ஜூலையில் கிஷி பதவி இழந்தார். ஒப்பந்தம் பிழைத்தது, ஆள் வீழ்ந்தார். தாத்தா வீட்டுக்கு வெளியே ஒலித்த முழக்கத்தைக் கேட்டு, ஐந்து வயதுப் பிள்ளையாக விளையாட்டாகத் தானும் அதையே சொன்னதை அபே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம், அவருடைய செயல்களை வைத்துப் பார்த்தால், வழியை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும் என்பதுதான். 2006 செப்டம்பரில், 52 வயதில், போருக்குப் பின் பிறந்த முதல் பிரதமரானார். ஓராண்டுதான் பதவியில் இருந்தார். அதற்குள் மூன்று காரியம் செய்தார். கல்வி அடிப்படைச் சட்டத்தைத் திருத்தி நாட்டுப்பற்றைக் குறிக்கோள்களில் சேர்த்தார். பாதுகாப்பு முகமையை 2007 ஜனவரியில் அமைச்சகமாக உயர்த்தினார். மே மாதம் பொது வாக்கெடுப்புச் சட்டத்தை நிறைவேற்றினார். மூன்றாவதன் கனம் பலருக்குத் தெரியாது. 96-ஆவது பிரிவு வாக்கெடுப்பு வேண்டும் என்று சொல்லி அறுபது ஆண்டாகியும், அதை எப்படி நடத்துவது என்று ஒரு சட்டமே இல்லாமல் இருந்தது. பூட்டு இருந்தது, சாவித் துளை இல்லை. 2007-இன் சட்டம்தான் விதி வகுத்தது: கீழவையில் 100 பேரோ மேலவையில் 50 பேரோ சேர்ந்து மூல வரைவைக் கொண்டுவரலாம், இரு அவைகளும் ஏற்றபின் 60 நாளுக்குக் குறையாமலும் 180 நாளுக்கு மிகாமலும் வாக்கெடுப்பு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மாற்றங்களை ஒரே சீட்டில் கட்டிப் போடக் கூடாது, செல்லும் வாக்குகளில் பாதிக்கு மேல் போதும். குறைந்தபட்சம் இத்தனை சதவீதம் பேர் வாக்களித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இதை ஒரு பெரிய ஓட்டையாகவே நான் கருதுகிறேன்.

அந்த ஆண்டு ஜூலை மேலவைத் தேர்தலில் அவருடைய லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 37 இடம்தான். ஆகஸ்டில் தில்லிக்கு வந்து நம் நாடாளுமன்றத்தில் இரு கடல்களின் சங்கமம் பற்றிப் பேசினார். தலைப்பு முகலாய இளவரசர் தாரா ஷிகோவின் நூலிலிருந்து எடுத்தது. கொல்கத்தாவுக்குப் போய், தோக்கியோ போர்க் குற்றத் தீர்ப்பாயத்தில் எல்லாரும் குற்றமற்றவர்கள் என்று மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ராதாபினோத் பாலின் மகனைச் சந்தித்தார். செப்டம்பரில் பெருங்குடல் அழற்சி நோயால் விலகினார்.

2012 டிசம்பரில் மீண்டும் வந்தபோது நேராக 96-ஆவது பிரிவிலேயே கை வைத்தார். மூன்றில் இரண்டு பங்கை வெறும் பாதியாக இறக்கிவிட்டால் மற்ற எல்லாம் எளிது என்பது கணக்கு. இங்கேதான் அவர் எதிர்பார்க்காத திசையிலிருந்து அடி விழுந்தது. திருத்தம் வேண்டும் என்று பல்லாண்டு வாதாடிய பேராசிரியர் செத்சு கொபயாஷியே இது கொல்லைப்புறமாக நுழையும் வேலை என்ற பொருள்படக் கண்டித்தார். கூட்டணியில் இருந்த கொமெய்த்தோ கட்சி, பௌத்த அமைப்பான சோக்கா கக்காயின் ஆதரவில் நிற்பது, கை கொடுக்கவில்லை. 2013 கோடையில் அந்தப் பேச்சு அடங்கிற்று.

அடுத்து அவர் எடுத்த வழிதான் தங்கள் கட்டுரையாளரைக் குழப்பியிருக்க வேண்டும். ஒன்பதாம் பிரிவின் முதல் பத்தி போரைத் துறக்கிறது. இரண்டாம் பத்தி படை வலிமை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. ஆனாலும் தன்னைக் காத்துக்கொள்ளும் அளவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது நெடுங்கால அரசு விளக்கம். கூட்டாளி நாடு தாக்கப்பட்டால் உதவிக்குப் போரிடும் கூட்டுத் தற்காப்பு உரிமை ஜப்பானுக்கு உண்டு, ஆனால் அரசியல் சட்டப்படி அதைப் பயன்படுத்த முடியாது என்று 1972-இல் அரசு எழுத்தில் சொன்னது. இந்த விளக்கங்களைக் காத்து வந்தது அமைச்சரவைச் சட்டப் பணியகம். அதன் தலைவராக உள்ளிருந்தே ஒருவர் உயர்வதுதான் வழக்கம். 2013 ஆகஸ்டில் அபே அந்த வழக்கத்தை உடைத்து, வெளியுறவுத் துறையிலிருந்து இச்சிரோ கொமாட்சுவைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். 2014 ஜூலை 1-இல், தற்காப்புப் படையின் 60-ஆவது ஆண்டு நாளில், அமைச்சரவை ஒரு தீர்மானம் போட்டது. நெருங்கிய நாடு தாக்கப்பட்டு, அதனால் ஜப்பானின் இருப்புக்கே ஆபத்து நேர்ந்து, மக்களின் உயிரும் உரிமையும் அடியோடு கவிழும் தெளிவான அபாயம் இருந்தால், வேறு வழியும் இல்லாவிட்டால், தேவையான குறைந்த அளவுக்கு மட்டும் படை பயன்படுத்தலாம் என்றது அது. வாசகம் அப்படியே இருக்க, பொருள் மாறிவிட்டது.

இதற்கு அவர் மக்கள் முன் வைத்த உதாரணங்களைக் கவனியுங்கள். 2014 மே மாதச் செய்தியாளர் கூட்டத்தில், அமெரிக்கக் கப்பலில் தப்பி வரும் ஜப்பானியத் தாயும் குழந்தையும் வரைந்த படத்தைக் காட்டினார். ஹோர்முஸ் நீரிணையில் கண்ணிவெடி அகற்றுவதை இன்னோர் உதாரணமாகச் சொன்னார். 2015 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சரே, கப்பலில் ஜப்பானியர் இருக்க வேண்டும் என்பது கட்டாய நிபந்தனை இல்லை என்று ஒப்புக்கொண்டார். செப்டம்பரில் அபேயே, ஹோர்முஸில் அப்படி ஒரு நிலை வரும் என இப்போது எதிர்பார்க்கவில்லை என்றார். வாதத்தைத் தாங்கிய இரண்டு தூண்களும், தீர்மானத்துக்கேற்பக் கொண்டுவந்த சட்டம் நிறைவேறும் முன்பே சாய்ந்துவிட்டன.

அதற்கு முன், 2015 ஜூன் 4-ஆம் தேதி கீழவையின் அரசியல் சட்டக் குழு மூன்று அறிஞர்களை அழைத்தது. ஆளும் கட்சியே பரிந்துரைத்து அழைத்த யசுவோ ஹசெபே உட்பட மூவரும் சட்ட வரைவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றார்கள். அபே நிற்கவில்லை. பத்துச் சட்டங்களைத் திருத்தும் ஒரு தொகுப்பும் ஒரு புதுச் சட்டமும் ஜூலை 16-இல் கீழவையைக் கடந்தன. அந்தத் தேதிக்கும் கணக்கு இருந்தது. மேலவை 60 நாளில் முடிவெடுக்காவிட்டால் கீழவை மூன்றில் இரண்டு பங்கால் மறுபடி நிறைவேற்றிக்கொள்ளலாம். கூட்டத்தொடர் ஏற்கெனவே 95 நாள் நீட்டிக்கப்பட்டிருந்தது. தாத்தாவின் 30 நாள் கணக்கைப் பேரன் நெருக்கடி இல்லாமல் போட்டுக்கொண்டார். ஆகஸ்ட் 30-இல் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்த கூட்டம், நடத்தியவர்கள் கணக்கில் 1,20,000. போலீஸ் தரப்புக் கணக்கில் 30,000-க்குச் சற்று மேல். செப்டம்பர் 19 அதிகாலையில் 148-க்கு 90 என்று மேலவையிலும் நிறைவேறியது. இது தவறான வழி என்பது என் உறுதியான கருத்து. திருத்தம் தேவை என்று நம்பியவர் மக்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கான சட்டத்தையும் அவர்தான் கொண்டுவந்தார்.

2016 ஜூலையில் மேலவையிலும், சுயேச்சைகளைச் சேர்த்து, மூன்றில் இரண்டு பங்கு வந்தது. 2017 அக்டோபரில் கீழவையில் லிபரல் ஜனநாயகக் கட்சி 284, கொமெய்த்தோ 29, ஆக 313, வேண்டியது 310. பிறகு எங்கே தடைப்பட்டது? எண்ணிக்கையில் ஒன்றாக நின்றவர்கள் விருப்பத்தில் ஒன்றாக இல்லை. கொமெய்த்தோவுக்கு ஒன்பதாம் பிரிவைத் தொட மனமில்லை. திருத்தத்துக்கு ஆதரவான இஷின் கட்சிக்கு இலவசக் கல்வியும் அரசியல் சட்ட நீதிமன்றமும் வேண்டும். 2012-இல் அபேயின் சொந்தக் கட்சி எழுதிய வரைவு தேசியப் பாதுகாப்புப் படை என்று பெயர் சூட்டியது. 2017 மே 3-இல் அபே அதை விட்டுவிட்டு, இரண்டு பத்திகளையும் வைத்துக்கொண்டு தற்காப்புப் படையின் பெயரை மட்டும் சேர்ப்போம், 2020-இல் நடைமுறைக்கு வரட்டும் என்றார். இரண்டாம் பத்தியை நீக்காமல் சேர்ப்பதில் அர்த்தமில்லை என்று ஷிகெரு இஷிபா கட்சிக்குள்ளிருந்தே எதிர்த்தார். நாடாளுமன்ற அரசியல் சட்டக் குழுக்கள் எல்லாக் கட்சியும் ஒத்துப்போகும் வழக்கத்தில் நடப்பவை; நில பேரம், பல்கலைக்கழக அனுமதி ஆகியவை பற்றிய ஊழல் புகார்கள் வெடித்ததும் எதிர்க்கட்சிகள் உட்கார மறுத்தன. வாக்குச்சாவடி வசதிகளைப் பற்றிய ஒரு சாதாரணத் திருத்தம், வாக்கெடுப்புச் சட்டத்துக்கு 2018 ஜூனில் கொண்டுவரப்பட்டது, நிறைவேறவே மூன்று ஆண்டாயிற்று. 2019 ஜூலையில் மேலவையில் திருத்த ஆதரவாளர் எண்ணிக்கை 160 ஆகக் குறைந்தது. வேண்டியது 164. நான்கு பேர்.

இன்னொரு காரணமும் உண்டு, இதை அவர் ஆதரவாளர்கள் பேச விரும்புவதில்லை. 2015-இன் சட்டங்களே திருத்தத்தின் அவசரத்தைக் குறைத்துவிட்டன. 2015 அக்டோபரில் சென்னைக்கு அருகே வங்கக் கடலில் மலபார் கூட்டுக் கடற்படைப் பயிற்சிக்கு ஜப்பானியக் கப்பல் வந்தது. அதற்கு எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை. பெயரைச் சேர்க்க மட்டும் ஒரு வாக்கெடுப்பா, அதில் தோற்றால் தற்காப்புப் படையின் நிலை என்ன என்று அவர் கட்சிக்குள்ளேயே தயங்கினார்கள். 2020 ஆகஸ்ட் 28-இல், நோய் திரும்பியதால் விலகுகிறேன் என்று அறிவித்தபோது, திருத்தத்தை முடிக்காமல் போவது பற்றி அவர் சொன்ன ஜப்பானியச் சொல்லுக்கு நேர்ப்பொருள், குடல் அறுந்த வேதனை.

கட்டுரையின் முடிவில் வரும் கொலை பற்றியும் ஒன்று. 2022 ஜூலை 8-இல் நாராவில் அவரைச் சுட்டவர், அபேயின் தேசியவாதத்துக்கோ அரசியல் சட்டக் கொள்கைக்கோ எதிராகச் சுடவில்லை. யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்புக்குத் தன் தாய் கொடுத்த நன்கொடைகளால் குடும்பம் நொடித்த ஆத்திரம் அது என்று விசாரணையில் வெளிவந்தது. அந்த அமைப்போடு அபே குடும்பத்துக்கு இருந்த உறவு கிஷி காலத்திலேயே தொடங்கிவிட்டது. அபேயின் கொள்கைக்குக் கிடைத்த பதிலடி என்ற தொனியில் அந்தப் பத்தி எழுதப்பட்டிருப்பது தவறு.

தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள். அரசியல் சட்டத்தைத் திருத்தினார் என்ற இடத்தில், 2014 ஜூலை 1-ஆம் தேதி அமைச்சரவைத் தீர்மானத்தால் ஒன்பதாம் பிரிவின் அரசு விளக்கத்தை மாற்றினார், 2015 செப்டம்பரில் அதற்கேற்பச் சட்டங்கள் இயற்றினார் என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி